கும்மின்னு சொல்லிப் பழகின சண்டை

போன ஞாயித்துக்கிழமை நம்ம சொசைட்டி காம்பவுண்டுல ஒரு தம்பி வந்து தற்காப்பு கிளாஸ் எடுத்தானே, நீங்களும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. மைக்கைப் புடிச்சுக்கிட்டு, நாலஞ்சு தேசத்து வித்தையக் கலந்து ஒரே வித்தையா ஆக்கியிருக்கோம், பொம்பளைங்களுக்குன்னே பண்ணினது, புதுசுன்னான். நல்ல காரியம்தான். ஆனா வயசுப் பிள்ளைங்களை நடுவுல நிறுத்திட்டு, நமக்கு மட்டும் ஓரமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "ஆன்ட்டி, நீங்க பாத்தா போதும்"னான் பாருங்க, எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பாத்தா போதுமாம். பாத்தே கத்துக்கிட்டவங்க நாங்கன்னு அவனுக்கு யாரு சொல்லுவா? அதான் உங்ககிட்ட சொல்லுதேன். தாராவியில வளந்தவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சிருக்கும். மீதிய நான் சொல்லாம போனா சொல்ல ஆளு கிடையாது.

இது அறுபதுகள்ல ஒரு மழைக்காலம். எனக்குப் பதினோரு வயசு. எங்க சால், வரிசையா ஒத்த ரூம் வீடுங்க, தோல் கிடங்குகளுக்குப் பின்னால இருந்துச்சு. ஒரே ஒரு ரூம், மூலையில குளிக்க, பாத்திரம் கழுவ ஒரு மோரி, வாசல்ல கால் துடைக்க ஒரு கோணிச்சாக்கு. ஜூன் மாசம் நனைஞ்ச சாக்கு அக்டோபர் வரைக்கும் காயாது. உப்புப் போட்ட தோல் வாடையும் கரி அடுப்புப் புகையும் சேந்து ஒரு வாடை வருமே, அது இல்லாம எனக்கு அந்த வயசுல தூக்கமே வராது.

அப்பா மாட்டுங்காவுல ஒரு ஓட்டல்ல சரக்கு மாஸ்டர். விடியுமுன்னே போயிருவாரு. நாலு பேரு நாக்குல பேரு அடிபடக் கூடாதுங்கிறதுதான் அவருக்கு வேதம். அக்கா செம்பூர்ல ஒரு மருந்துக் கம்பெனியில மாத்திரை பேக்கிங். பதினெட்டு வயசு. அவ தலைமுடியில, கையில, சேலையில எல்லாம் மாத்திரைத் தூசி. ராத்திரி அவ கையைப் புடிச்சுக்கிட்டுத் தூங்கினா என் விரலெல்லாம் கசக்கும்.

எங்க சால்ல இருந்து அந்தக் கம்பெனிக்கு இன்னும் ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தி மராத்திக்காரி. அவளை எல்லாரும் வஹினின்னுதான் கூப்பிடுவோம், நம்ம மதினிங்கிற மாதிரி. கோலாப்பூர் பக்கத்துக்காரி, கட்டையா, உறுதியா இருப்பா. நம்ம தமிழை அவ மராத்தியில முக்கி எடுத்துப் பேசுவா. இன்னொருத்தி லாத்தா. திருநெல்வேலி கடற்கரை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை; லாத்தான்னா அவங்க வழக்கத்துல அக்கா. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போத்திக்கிட்டு, குரலே எழும்பாம பேசுவா. மூணு பேரும் காலையில சயான் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் ஏறி, குர்லாவுல மாறி செம்பூர் போவாங்க. சாயந்தரம் அதே வழியா வருவாங்க.

அந்த ஸ்டேஷன் வழியில, பெரிய தண்ணிக் குழாய் ஓடுதே, அது மேல மூணு பேரு உக்காந்திருப்பானுங்க. எந்த ஊர்க்காரனுங்கன்னு கேக்காதீங்க. அந்தச் சாதி எல்லா ஊர்லயும் உண்டு, ஒருத்தன் நம்ம பாஷையே பேசுவான். முதல்ல பாட்டு, அப்புறம் சீட்டி. மழை ஆரம்பிச்ச வாரம், அதுல சிவப்புச் சட்டைக்காரன் இறங்கி வந்து அக்கா முந்தானையைப் புடிச்சு இழுத்துட்டான். அவ உதறிட்டு ஓடினதுல சேத்துல விழுந்தா. முழங்கை எல்லாம் சிராய்ப்பு. அவ அழுவல. வீட்டுக்கு வந்து மோரியில உக்காந்து சேலையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா.

அப்பா அவனுங்க மேல கோவப்படல. அக்கா மேலதான் கோவப்பட்டாரு. இப்ப நினைச்சா அது கோவம் இல்ல, பயம்னு தெரியுது. அன்னைக்கு அது எங்களுக்குத் தெரியுமா?

"நாளையிலேருந்து சின்னவ துணைக்குப் போவா. காலையில ஸ்டேஷன்ல கொண்டு விடணும், சாயந்தரம் போய்க் கூட்டிட்டு வரணும். இன்னொரு தடவை ஏதாவது நடந்துச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, ரெண்டு பேரும் ஊருக்கு ரயில் ஏறணும். அவளுக்கு அங்கேயே ஒரு மாப்பிள்ளை பாத்துருவேன். இவ படிச்சதும் போதும்."

கேட்டீங்களா? பதினெட்டு வயசுப் பொண்ணுக்குப் பதினோரு வயசுப் பொண்ணு துணை. நான் அப்ப ஈர்க்குச்சி. அப்பாவோட ஓட்டல்ல யாரோ மறந்து வச்சிட்டுப் போன ஆம்பளைக் குடை ஒண்ணு வீட்டுல இருந்துச்சு, மூங்கில் பிடி, நுனியில இரும்புக் காம்பு. அதை என் கையில குடுத்து அனுப்பிட்டா மானம் பத்திரமா வீடு வந்து சேந்துரும்னு அவரு நம்பினாரு.

மறுநாள் சயான் பாலத்துப் படியில வச்சு அக்கா என்கிட்ட சொன்னா, "எட்டு மணிக்கு மணி அடிச்சா அங்க எனக்குன்னு ஒரு ஸ்டூல் இருக்குட்டி. ஜன்னல் ஓரம். நான் போகலைன்னா அது காலியா கிடக்கும். ஊர்ல எனக்குன்னு என்ன கிடக்கு? நான் போக மாட்டேன்." சொல்லிட்டு ரயிலேறிப் போயிட்டா. அந்த மழைக்காலம் முழுக்க அவ செஞ்சது எல்லாம் அந்த ஒரு ஸ்டூலுக்காகத்தான். என் பள்ளிக்கூடமும் அந்த ஸ்டூலோடதான் கட்டிக் கிடந்துச்சு.

இப்ப மூணு வீட்டு ஆம்பளைங்களைப் பத்தியும் சொல்லணும். எங்க சித்தப்பா கம்பு சுத்துறவரு. அம்மன் கொடைக்குக் கொடை அவருதான் ஊர்வலத்துக்கு முன்னால. ஞாயித்துக்கிழமை கிடங்குக்குப் பின்னால பயலுவளுக்குச் சொல்லிக் குடுப்பாரு. அக்காவும் சின்னப் பிள்ளையில கடைசி வரிசையில நின்னு சுத்தியிருக்கா. அவ வயசுக்கு வந்த அன்னைக்குக் கம்பை வாங்கி மூலையில சாத்திட்டாரு. வஹினியோட அண்ணன் தம்பி எல்லாம் தாலீம்னு சொல்ற குஸ்திக் கூடத்து மண்ணுல உருண்டவங்க; அந்த வாசப்படியைப் பொம்பளை தாண்டக் கூடாது. பால் சொம்போட வாசல்ல நின்னு பாத்துப் பாத்து, வீட்டு வைக்கோல்ல தம்பியைப் போட்டுப் புரட்டியிருக்கா வஹினி. அவ புருஷனும் குஸ்திக்காரன்தான். லாத்தாவோட அண்ணன், அவங்க பாஷையில காக்கா, நாக்பாடாவுல கையுறை மாட்டி பாக்ஸிங் ஆடுறவரு. வீட்டு உத்தரத்துல கோதுமைச் சாக்கு கட்டித் தொங்க விட்டுக் குத்துவாரு. சாக்கு ஆடாம பின்னால புடிச்சுக்கிட்டு நிக்கிறது லாத்தா வேலை. ஒவ்வொரு குத்தும் எங்கேருந்து கிளம்பி எங்க வந்து விழுதுன்னு சாக்குக்கு அடுத்தபடியா தெரிஞ்சவ அவதான்.

டீக்கடையில இந்த மூணு பேரும் சேந்தா பெரிய சண்டை, வாய்ச் சண்டை. கம்புக்கு முன்னால கை நிக்குமா, மண்ணுல போட்டா கம்பு எங்க போவும், கிட்ட வர்றதுக்குள்ள மூக்கு உடைஞ்சிருமே. ஒருத்தன் வித்தையில இருந்து ஒருத்தன் ஒரு குண்டுமணி எடுக்க மாட்டான். எடுத்தா குருவுக்குத் துரோகம்.

அக்காவுக்கு அந்தக் கவலையே இல்ல. அவளை யாரும் சிஷ்யைன்னு சொல்லலையே. ரயில்ல வரும்போதே மத்த ரெண்டு பேருகிட்டயும் பேசி முடிச்சிட்டா. கேட்ட கேள்வி ஒண்ணுதான். "சேலை கட்டியிருக்கோம். ஒரு கையில டிஃபன் இருக்கு. முழங்கால் அளவு தண்ணி நிக்கி. இதுல எது நடக்கும்? நடக்கிறதை மட்டும் எடுப்போம்."

கம்புல இருந்து காலடியை எடுத்தாங்க. கம்பைச் சுழட்ட அந்தச் சந்துல இடம் கிடையாது. அதனால குடையை மடக்கி, ரெண்டு கையாலயும் குட்டையாப் புடிச்சு, நேரா ஒரு குத்து. குஸ்தியில மண்ணுல புரளுறதை விட்டுட்டு, கணுக்காலைப் புடிச்சு முழங்கால்ல தோளை முட்டித் தள்ளுறதை மட்டும் எடுத்தாங்க. பாக்ஸிங்ல முதல் குத்துலயே லாத்தாவுக்கு வளையல் உடைஞ்சு மணிக்கட்டு கிழிஞ்சிருச்சு. அதனால முஷ்டியை விட்டுட்டு உள்ளங்கை மேட்டால மூக்குக்குக் கீழ ஒரு தள்ளு. நாலாவது வித்தை ஒண்ணு உண்டு. ஓடுறது. அதுக்கும் அக்கா பழக்கம் குடுத்தா, சேலையை எங்க புடிச்சுத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு.

எங்க பழகுறது? நாலு சுவருக்குள்ள பழக இடம் ஏது? ஆடி மாசம் வந்துச்சு. அம்மன் கொடைக்குப் பொம்பளைங்க முளைப்பாரி போட்டுக் கும்மி அடிக்கணும். வஹினி வழக்கத்துலயும் அதே மாசம் மங்களாகௌரின்னு ஒரு பூஜை, பொம்பளைங்க கையைக் கோத்துக்கிட்டுச் சாஞ்சு சுத்துற ஃபுக்டின்னு ஒரு ஆட்டம். கிடங்குத் தாழ்வாரத்துல கும்மி பழகப் போறோம்னு அக்கா சொன்னா. யாரு வேண்டாம்பா? லாத்தா மட்டும், "பாட்டு உங்களுது, கைதட்டு என்னுது"ன்னு சொல்லிட்டுப் பாடாம நின்னா.

சொன்னா நம்ப மாட்டீங்க, கும்மிக்குள்ள அத்தனையும் அடங்கிருச்சு. குனியிற இடத்துல காலைப் புடிக்கிறது. தட்டுற இடத்துல உள்ளங்கைத் தள்ளு. சுத்துற இடத்துல ஃபுக்டி. அதுல சாயுற சாய்ப்புலதான் கையை ஒருத்தன் புடிச்சா எப்படித் திருகி விடுவிக்கிறதுன்னு வஹினி கண்டுபுடிச்சா. தடியன் வேஷம் எனக்கு. ஜடையைப் புடிக்கணும், முந்தானையை இழுக்கணும், தூக்கி எறிஞ்சா கோணிச்சாக்கு மேல போய் விழணும். அந்த மாசம் என் உடம்புல கன்னிப் போகாத இடமே கிடையாது. பள்ளிக்கூடத்து டீச்சர் அப்பாவை வரச் சொல்லி, பச்சைப் பிள்ளையை இப்படியா போட்டு அடிக்கிறதுன்னு கேட்டுட்டா. ஒரு நாளும் எங்க மேல கை வைக்காத மனுஷன், முழிச்சுக்கிட்டு வந்தாரு.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்ற வழியில தாழ்வாரத்துல நின்னு எங்களைப் பாத்தாரு அப்பா. நாங்க பாட்டை நிறுத்தல. பாட்டு முடியிற வரைக்கும் நின்னாரு. "பம்பாய்க்கு வந்தும் நம்ம வழக்கத்தை மறக்கலையே"ன்னு சந்தோஷமா சொல்லிட்டுப் போனாரு. அம்மா மட்டும் அன்னைக்குச் சோறு போடும்போது குனிஞ்சு அக்கா காதுல, "கும்மியில எந்த ஊர்லட்டி கை மூக்கு மேல போவுது?"ன்னு கேட்டா. அம்மா இன்னொரு கரண்டி சோறு வச்சா.

எல்லாம் சரியா வந்துச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல. அது அக்காவோட கும்பிடு. கம்பு எடுக்குமுன்னால வலது கையால தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்தணும், அப்புறம் நெஞ்சுல வைக்கணும். கும்பிடாம எடுத்த கம்பு எடுத்தவனையே அடிக்கும்னு சித்தப்பா சின்னப் பிள்ளையிலயே அவளுக்குள்ள இறக்கிட்டாரு. நான் ஜடையைப் புடிப்பேன், இவ தரையைத் தொட்டுக் கும்பிடுவா.

வஹினிக்குத் தலையில அடிச்சுக்கிற மாதிரி ஆயிரும். "அரே, நீ கும்புட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் உன் ஜடையை வீட்டுக்கே கொண்டு போவான். யாருக்கு நமஸ்காரம்? அவனுக்கா?"

"தெரியுது வஹினி. கை தானாப் போவுது, நான் என்ன செய்ய?"

லாத்தா ஒரு யோசனை சொன்னா, வலது கையில டிஃபனைக் குடுத்துப் பாக்கலாம்னு. டிஃபனோட சேத்துக் குனிஞ்சா. கையைக் கட்டினோம். கட்டின கையோட குனிஞ்சா. ஒரு நாள் அக்கா தாழ்வாரத்துல உக்காந்து அழுதுட்டா. முந்தானையை இழுத்த அன்னைக்கு அழாதவ இதுக்கு அழுதா. "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சேன், இதை எறிய முடியலையே"ன்னா. வஹினி பக்கத்துல உக்காந்து, "விடு, நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல"ன்னா. மறுநாளும் பழகினாங்க. மறுநாளும் குனிஞ்சா.

அப்புறம் அந்த மழை. காலையில புடிச்சது விடல. தண்டவாளம் முங்கி ரயிலெல்லாம் குர்லாவுலயே நின்னுருச்சு. நான் குடையோட சயான் பாலத்துல நின்னு நின்னு கால் ஓஞ்சு போச்சு. மூணு பேரும் ஒரு வழியா வந்து சேரும்போது இன்னும் வெளிச்சம் இருந்துச்சு, ஆனா சாம்பல் வெளிச்சம். சந்துல முழங்கால் தண்ணி. குழாய் மேல மூணு பேரும் இருந்தானுங்க.

சிவப்புச் சட்டைக்காரன், அன்னைக்கு வேற சட்டைதான் போட்டிருந்தான், எங்களுக்கு அவன் சிவப்புச் சட்டைதான், குதிச்சு இறங்கி நேரா வந்து என் ஜடையைப் புடிச்சான். அக்கா ஜடையை இல்ல, என் ஜடையை. இத்தனை நாளும் ஜடையைப் புடிக்கிறவளா இருந்தேனே தவிர, புடிபட்டுப் பழகல. கல்லா நின்னுட்டேன். துணைக்குப் போன லட்சணம் பாருங்க.

அக்கா டிஃபனைக் கீழ விட்டா. குனிஞ்சு வலது கையைத் தண்ணிக்குள்ள விட்டுத் தரையைத் தொட்டா. எனக்கு உயிரே போச்சு. வஹினி, "அரே தேவா"ன்னா.

அவன் மத்த ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சான். "தேக், பாவ் பட் ரஹீ ஹை." பாருடா, கால்ல விழுதாங்கிறான். காலைக் காட்டுறதுக்காக என் ஜடையை விட்டுட்டு, இடுப்புல கையை வச்சு ஒரு அடி முன்னால வந்து நின்னான். தண்ணிக்கு அடியில அக்கா கைக்குப் பக்கத்துலயே அவன் கணுக்கால். அவ கை கண்ணுக்குப் போகல. கணுக்காலைச் சுத்திப் புடிச்சு, முழங்கால்ல தோளை முட்டினா. ஆளு மல்லாந்து சாக்கடைத் தண்ணியில போய் உக்காந்தான்.

ரெண்டாவது ஒருத்தன் பாஞ்சு வந்தான். லாத்தா துப்பட்டிக்குள்ளேருந்து ஒரு தள்ளு. மூக்கைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பினான். அவன் கையை வஹினி திருகிச் சுத்தி விட்டதுல குழாய்ல போய் மோதினான். மூணாமவன் அக்காகிட்ட வந்தான். எனக்கு அப்பதான் உயிர் வந்துச்சு. குடையைத் தூக்கி வீசினேன். அவ ரெண்டு கையாலயும் புடிச்சு, காம்பை அவன் வயித்துல ஒரே குத்து. மடிஞ்சு போய் நின்னவன் அடுத்த குத்துக்கு நிக்கல. மொத்தமும் கும்மியில ரெண்டு அடி பாடி முடிக்கிற நேரந்தான் இருக்கும். நாலாவது வித்தைக்கு வேலையே வரல. அதை அவனுங்க செஞ்சுட்டானுங்க.

டிஃபன் மூடி தண்ணியோட மிதந்து போயிருச்சு. குடையை விரிக்கணும்னு ஒருத்திக்கும் தோணல. நல்ல குடையைக் கையில வச்சுக்கிட்டு நாலு பேரும் தொப்பலா நனைஞ்சு வீடு வந்தோம்.

எங்களுக்கு முன்னால சேதி வந்துருச்சு. ஓட்டலுக்கு ஆளு வரலைன்னு அப்பா சீக்கிரமே வந்திருந்தாரு. வாசல்ல கம்போட சித்தப்பா, வஹினி புருஷன், காக்கா மூணு பேரும். அடி பட்டுச்சா, வலிக்குதான்னு ஒருத்தராவது கேக்கணுமே. காலைப் புடிச்சது குஸ்தின்னாரு ஒருத்தரு. மூக்குல விழுந்தது பாக்ஸிங்ன்னாரு காக்கா. குடைன்னா என்ன, கம்புதானேன்னாரு சித்தப்பா. எங்க வித்தை எங்க வித்தைன்னு சத்தம்.

"மூணும் இல்ல. இது எங்களுது"ன்னா அக்கா. சத்தமாச் சொல்லல. ஆனா வாசல்ல பேச்சு நின்னுருச்சு.

அப்பா அப்பதான் வாயைத் திறந்தாரு. "நான் என்ன சொல்லியிருந்தேன்? இன்னொரு தடவை நடந்தா ஊருக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா. நடந்துச்சு. ஆனா இந்தத் தடவை நான் சேத்துல விழல. நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு."

சித்தப்பா அக்காவையே பாத்துக்கிட்டு நின்னவரு, மெதுவா, "கும்பிட்டியாட்டி?"ன்னாரு.

"கும்பிட்டேன் சித்தப்பா."

அவரு கையில இருந்த கம்பைச் சுவத்துல சாத்திட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. அப்பா மோரிக்குப் போய்க் கை கழுவினாரு. அன்னைக்கு ராத்திரி டிரங்குப் பெட்டியை இறக்குவாரா மாட்டாரான்னு நான் பரணையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்.

காலையில கண்ணு முழிச்சா, அப்பா வேலைக்குப் போகாம வாசல்ல உக்காந்திருக்காரு. பெட்டி பரண்லதான் இருந்துச்சு. அக்கா சேலை கட்டி, மூடி இல்லாத டிஃபனை ஒரு தட்டால மூடித் துணியில கட்டிக்கிட்டு இறங்கினா. வஹினியும் லாத்தாவும் சந்து முக்குல நின்னாங்க. நான் குடையை எடுத்தேன்.

"நீ எங்க கிளம்பிட்ட?"ன்னாரு அப்பா.

"துணைக்கு."

அவரு என்னைப் பாக்கல. அக்கா முதுகைத்தான் பாத்தாரு. "அவளுக்குத் துணை வேண்டாம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ"ன்னாரு.

அதுக்கு என்ன அர்த்தம்னு இப்ப புரியுது. எங்க அப்பா வாயில இருந்து அதைவிடப் பெரிய வார்த்தை பிறகு ஒரு நாளும் வந்தது கிடையாது. அன்னைக்கு எனக்கு அழுகைதான் வந்துச்சு. இனிமே பாலத்துல நின்னு காத்திருக்கிறது இல்ல, குடை இல்ல, நான் வேண்டாம்னுட்டாங்கன்னு தேம்பிக்கிட்டு நின்னேன்.

சந்து முக்குல அக்கா திரும்பினா.

"ஏட்டி, துணைக்குத்தானே வேண்டாம்னாரு. நீ சும்மா கூட வா."

குடையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஓடினேன்.